அகண்ட திரை: வீட்டை அளந்து, பார்ப்பவரைக் கேட்டு வாங்குங்கள்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் தொலைக்காட்சிப் படைப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வீட்டுக்கு ஏற்ற உயர் துல்லிய அகண்ட திரைத் தொலைக்காட்சியைத் தேர்ந்தெடுப்பது எப்படி? இதுதான் இன்று எனக்குத் தரப்பட்டிருக்கும் தலைப்பு. தலைப்பைச் சொன்னதும் என் தோழி ஒருத்தி சிரித்தாள். "நீ தொலைக்காட்சிக்குள்ளே இருப்பவள். வெளியே இருப்பதைப் பற்றி உனக்கு என்ன தெரியும்?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். பொதுமக்கள் தொடர்பியலில் பட்டயம் படித்தபோது கேமராவைப் பற்றியும் விளக்கைப் பற்றியும் எங்களுக்கு நிறையக் கற்றுக்கொடுத்தார்கள். படம் போய்ச் சேரும் பெட்டியைப் பற்றி யாரும் ஒரு பாடம்கூட நடத்தவில்லை. அந்தப் பாடத்தை நான் என் அம்மாவிடம்தான் கற்றுக்கொண்டேன். அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

அம்மா சொன்ன பொய்

2021ஆம் ஆண்டு தீபாவளிக்கு அம்மாவுக்கு 65 அங்குலத் தொலைக்காட்சி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். வீட்டில் இருந்தது பத்து ஆண்டுகளுக்கு மேல் உழைத்த 32 அங்குலப் பெட்டி. கடையில் வரிசையாக அடுக்கியிருந்த திரைகளில் எது பளிச்சென்று தெரிந்ததோ, எதன் விலைச்சீட்டில் பெரிய சிவப்பு எழுத்து இருந்ததோ, அதை எடுத்தேன். மூவறை வீட்டின் வசிப்பறைச் சுவரில் அதை மாட்டியதும் அண்டை வீட்டார் வந்து பார்த்துப் பாராட்டிவிட்டுப் போனார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

என் நிகழ்ச்சி ஒளியேறிய மறுநாள் காலையில் அம்மா எனக்குத் தொலைபேசியில் அழைப்பது வழக்கம். "வாழ்க்கை என்று சொல்லும்போது ழகரத்தை விழுங்கிவிட்டாய்", "விருந்தினர் பேசும்போது குறுக்கே போகாதே" என்று ஏதாவது ஒரு குறை இருக்கும். புதுப் பெட்டி வந்தபிறகு குறைகள் நின்றுவிட்டன. கேட்டால், "நல்லா இருந்துச்சும்மா" என்பார். நான் முன்னேறிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆறு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, "நேற்று நான் கட்டியிருந்த புடவை எப்படிம்மா இருந்தது?" என்று கேட்டேன். "நல்லா இருந்துச்சும்மா" என்றார். முதல்நாள் நான் அணிந்திருந்தது சுடிதார்.

அம்மா தொலைக்காட்சி பார்ப்பதையே நிறுத்தியிருந்தார். நாள் முழுவதும் ஒலி 96.8 வானொலியைக் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறார். மகள் ஆசையாக வாங்கிக் கொடுத்ததைக் குறை சொன்னால் மனம் வருந்துவாளே என்று என்னிடம் சொல்லவில்லை. ஊருக்கெல்லாம் நிகழ்ச்சி படைக்கிற எனக்கு, பெற்ற தாயின் வீட்டில் அந்த நிகழ்ச்சி ஓடவில்லை என்பது தெரியாமல் போய்விட்டது.

பெட்டியில் பழுது ஏதும் இல்லை. நான் வாங்கிய முறையில்தான் பழுது. அம்மா எங்கே உட்காருவார், என்ன பார்ப்பார், எப்படிக் கேட்பார், எந்தப் பொத்தானை அழுத்துவார் என்ற நான்கு கேள்விகளில் ஒன்றைக்கூட நான் கேட்கவில்லை. இன்றைய என் பேச்சு அந்த நான்கு கேள்விகளைச் சுற்றித்தான்.

அங்குலம் ஏமாற்றும்

முதலில் அளவு. தொலைக்காட்சியின் அங்குலக் கணக்கு திரையின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைவரை குறுக்காக அளப்பது. அது அகலமும் அல்ல, உயரமும் அல்ல.

சிங்கப்பூரில் தொலைக்காட்சி 1963ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் தேதி தொடங்கியது. வண்ணம் வந்தது 1974இல். அந்தக் காலத்திலிருந்து நெடுநாள் வரை நம் வீட்டுப் பெட்டிகளின் வடிவம் 4:3. அதாவது, நான்கு பங்கு அகலத்துக்கு மூன்று பங்கு உயரம். அகண்ட திரையின் வடிவம் 16:9. வடிவம் மாறியதால் அங்குலத்தின் பொருளும் மாறிவிட்டது. இதைப் பலர் கவனிக்கவில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பழைய 29 அங்குலப் பெட்டியில் கண்ணுக்குத் தெரிந்த படத்தின் உயரம் ஏறத்தாழ 41 சென்டிமீட்டர். 32 அங்குல அகண்ட திரையின் உயரம் ஏறத்தாழ 40 சென்டிமீட்டர். மூன்று அங்குலம் கூடுதலாக வாங்கினோம் என்று மகிழ்ந்தோம். உயரம் ஒரு சென்டிமீட்டர் குறைந்ததுதான் மிச்சம். 4:3 வடிவில் எடுக்கப்பட்ட பழைய நாடகத்தை அதில் பார்த்தால், பழைய பெட்டியில் இருந்ததைவிடச் சற்றுச் சிறிதாகவே தெரியும். "புது டிவியில் ஆள் சிறுத்துப் போயிட்டாங்களே" என்று அன்று பெரியவர்கள் சொன்னது வீண் பேச்சல்ல.

ஆகவே அங்குலத்தை மட்டும் பார்க்காமல் சென்டிமீட்டரில் அகலத்தையும் உயரத்தையும் பாருங்கள். 43 அங்குலத் திரை ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் அகலம், 54 சென்டிமீட்டர் உயரம். 55 அங்குலம் என்றால் 122க்கு 68. 65 அங்குலம் என்றால் 144க்கு 81. கடைக்குப் போகும் முன் பழைய நாளிதழ்த் தாள்களை இந்த அளவுக்கு ஒட்டி, சுவரில் இரண்டு நாள் மாட்டி வையுங்கள். கடையின் உயரமான கூரையின்கீழ் சிறிதாகத் தெரிவது வீட்டுக்குள் எவ்வளவு பெரிது என்று அப்போது புரியும்.

நாற்காலி எங்கே?

அடுத்தது தொலைவு. நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணிலிருந்து திரை வரைக்கும் அளந்துகொள்ளுங்கள். படத்துறையில் பயன்படுத்தும் பொதுவான கணக்கு ஒன்று உண்டு. திரையின் அகலம் நம் பார்வையில் ஏறத்தாழ 30 பாகைக் கோணத்தை நிரப்ப வேண்டும் என்பது அது. எளிதாகச் சொன்னால், திரையின் அங்குல அளவை ஒன்றரையைவிடச் சற்றுக் கூடுதலாகப் பெருக்கினால் தொலைவு கிடைக்கும். 43 அங்குலத்துக்கு ஏறத்தாழ 1.8 மீட்டர், 55 அங்குலத்துக்கு 2.3 மீட்டர், 65 அங்குலத்துக்கு 2.7 மீட்டர். சற்று முன்னே பின்னே இருந்தால் குற்றமில்லை. படம் பார்ப்பதில் ஆர்வம் உள்ளவர் நெருங்கி உட்காரலாம். செய்தியும் நாடகமும் பார்ப்பவருக்குத் தள்ளி உட்காருவதே இதம்.

இனி, துல்லியம். முன்பு நாம் பார்த்த சாதாரண ஒளிபரப்பில் கண்ணுக்குத் தெரியும் கோடுகள் 576. முழு உயர் துல்லியம் என்பது 1920க்கு 1080 புள்ளிகள்; மொத்தம் இருபது இலட்சத்துக்கும் மேல். இப்போது கடைகளில் நிறைந்திருக்கும் 4கே என்பது 3840க்கு 2160. அதன் நான்கு மடங்கு. 4கே வேண்டுமா, முழு உயர் துல்லியம் போதுமா என்று பலரும் கேட்கிறார்கள்.

விடை மீண்டும் நாற்காலியிடம்தான் இருக்கிறது. சாதாரணப் பார்வை உள்ள ஒருவர், திரையின் உயரத்தைப்போல் மூன்று மடங்கு தள்ளி உட்கார்ந்தாலே முழு உயர் துல்லியப் படத்தின் புள்ளிகள் தனித்தனியாகத் தெரியாமல் ஒன்றாகிவிடும். 43 அங்குலத் திரைக்கு அது 1.6 மீட்டர். 65 அங்குலத்துக்கு 2.4 மீட்டர். உங்கள் சோபா மூன்று மீட்டர் தள்ளி இருக்குமானால், 4கே கொண்டுவரும் கூடுதல் புள்ளிகளை உங்கள் கண் வாங்கவே வாங்காது. கண்புரை உள்ள மூத்தோருக்கோ கேட்கவே வேண்டாம். இன்று பெரிய அளவுகளில் 4கே அல்லாத பெட்டி கிடைப்பது அரிது என்பதால் அதைத்தான் வாங்குவோம். ஆனால் அதற்கும் மேலே 8கே என்று சொல்லி விலையை ஏற்றினால், நாற்காலியை நினைத்துக்கொண்டு புன்னகையோடு நகர்ந்துவிடுங்கள்.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. திரை எவ்வளவு துல்லியமானதாக இருந்தாலும், வருகிற படம் பழையது என்றால் அதன் குறையும் பெரிதாகித்தான் தெரியும். இருபது ஆண்டுக்கு முன் எடுத்த நாடகத்தின் 576 கோடுகளை 65 அங்குலத்தில் பரப்பினால் பூசி மெழுகியதுபோல் இருக்கும். அது பெட்டியின் பழுதல்ல. கடையில் ஓட்டிக் காட்டும் வண்ண மீனையும் பனிமலையையும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் வீட்டில் உண்மையில் ஓடப்போகிற நிகழ்ச்சியைப் போடச் சொல்லிப் பாருங்கள்.

மூலையில் இருப்பவருக்கும் தெரிய வேண்டும்

என் அம்மா சோபாவில் உட்காருவதில்லை. முழங்கால் வலி, தாழ்வான சோபாவிலிருந்து எழுந்திருக்க முடியாது. சமையலறை வாசலை ஒட்டி ஒரு பிரம்பு நாற்காலி. அங்கிருந்து அடுப்பையும் பார்க்கலாம், தொலைக்காட்சியையும் பார்க்கலாம். நான் வாங்கியதோ நேராகப் பார்த்தால் கறுப்பு கறுப்பாகத் தெரியும், பக்கவாட்டிலிருந்து பார்த்தால் வெளிறிப்போகும் வகைத் திரை. நான் கடையில் நேரே நின்று பார்த்தேன். அம்மா வீட்டில் ஓரத்தில் இருந்து பார்த்தார். இருவரும் பார்த்தது ஒரே படம் அல்ல.

இன்று கிடைக்கும் திரைகள் அடிப்படையில் இரண்டு வகை. எல்சிடி என்பது பின்னால் விளக்கெரிந்து, முன்னால் உள்ள திரவப்படிகம் அந்த ஒளியை மறைத்தும் விட்டும் படம் காட்டுவது. எல்இடி தொலைக்காட்சி என்று விற்கப்படுவதும் இதுவேதான். பின்விளக்கு எல்இடி, அவ்வளவுதான். கியூஎல்இடி என்பதும் பெரும்பாலும் இதே குடும்பம்தான்; வண்ணத்தைக் கூட்ட நுண்துகள் படலம் ஒன்று சேர்ந்திருக்கும். இரண்டாவது வகை ஓஎல்இடி. இதில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், தானே அணையும். கறுப்பு உண்மையான கறுப்பாக இருக்கும். பக்கத்திலிருந்து பார்த்தாலும் படம் அதிகம் மாறாது.

அப்படியானால் எல்லாரும் ஓஎல்இடி வாங்கிவிடலாமா? விலை ஒருபுறம் இருக்கட்டும். ஒரே ஒளிவழியைக் காலைமுதல் இரவுவரை வைத்திருக்கும் வீடுகள் உண்டு. மூலையில் அசையாமல் நிற்கும் சின்னமும், கீழே ஓடும் செய்திப் பட்டையும் நாளடைவில் ஓஎல்இடி திரையில் நிழலாகப் படிந்துவிட வாய்ப்பு இருக்கிறது. பகலெல்லாம் செய்தி ஓடும் வீட்டுக்கு எல்சிடி கவலையற்றது. இரவில் விளக்கை அணைத்துவிட்டுப் படம் பார்க்கும் வீட்டுக்கு ஓஎல்இடி இன்பம் தரும். எல்சிடியிலும் ஐபிஎஸ் எனப்படும் வகை ஓரத்தில் உட்காருபவருக்கு நல்லது. விஏ எனப்படும் வகை நேரே உட்காருபவருக்கு நல்லது. பெயர்கள் நினைவில் நிற்கவில்லை என்றால் பரவாயில்லை. கடையில் திரைக்கு முன் நிற்காதீர்கள். நான்கு எட்டு பக்கவாட்டில் நடந்து பாருங்கள். முகத்தின் நிறம் மாறுகிறதா என்று கவனியுங்கள். அதுவே போதும்.

வெளிச்சத்தையும் பார்க்க வேண்டும். நம் அடுக்குமாடி வீடுகளில் பெரிய சன்னல்கள் உண்டு. நம் ஊர் வெயிலும் உங்களுக்குத் தெரியும். சன்னலுக்கு நேர் எதிரே திரையை வைத்தால் பகலில் நாடகத்துக்குப் பதிலாக நம் வீட்டுத் திரைச்சீலையைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம்.

உயரமும் முக்கியம். அழகுச் சுவர் கட்டி, அதன் உச்சியில் தொலைக்காட்சியைச் சாமி படம்போல் மாட்டிவிடுகிறார்கள். கழுத்து வலி வருவதற்கு அதுவே காரணம். உட்கார்ந்திருப்பவரின் கண்மட்டம் தரையிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர். திரையின் நடுப்பகுதி அந்த மட்டத்தில் இருக்கட்டும். 55 அங்குலத் திரையானால் அதன் கீழ் விளிம்பு தரையிலிருந்து 66 சென்டிமீட்டர் உயரத்தில் வரும். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் மேசைமேல் வைப்பதாக இருந்தால், பிடித்து இழுத்தாலும் சாயாதபடி பட்டையால் கட்டிவிடுங்கள்.

எம்ஜிஆர் ஏன் பருத்தார்?

இப்போது படத்தின் வடிவத்துக்கு வருகிறேன். இது என் தொழிலைச் சார்ந்த வேண்டுகோளும்கூட.

பல வீடுகளில் பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஓடும்போது எம்ஜிஆரும் சிவாஜியும் பருத்துத் தெரிகிறார்கள். திரையின் இருபக்கமும் கறுப்பாக இருப்பது பிடிக்காமல் படத்தை இழுத்து நிரப்பிவிடுகிறார்கள். 4:3 படத்தை 16:9க்கு இழுத்தால் எல்லாமே மூன்றில் ஒரு பங்கு அகலமாகிவிடும். வட்ட நிலா முட்டை ஆகும். ஒல்லியான நாயகி நம் பக்கத்து வீட்டு அக்கா ஆகிவிடுவார்.

எதிர்ப்பக்கமும் உண்டு. 1953இல் ஹாலிவுட்டில் வெளியான 'தி ரோப்' படத்தோடு சினிமாஸ்கோப் என்னும் மிக அகண்ட வடிவம் திரையரங்குகளுக்கு வந்தது. தமிழில் முதல் சினிமாஸ்கோப் படம் 1973இல் வந்த 'ராஜராஜ சோழன்'. அந்த வடிவம் நம் 16:9 திரையைவிடவும் அகலமானது. அதனால்தான் மேலும் கீழும் கறுப்புப் பட்டை வருகிறது. 55 அங்குலத் திரையில் ஏறத்தாழ கால்பங்கு உயரம் அப்படிக் காலியாக இருக்கும். "காசு கொடுத்து வாங்கிய திரையில் கால்வாசி வீணாகிறதே" என்று படத்தைப் பெரிதாக்கினால், ஓரத்தில் நிற்கும் நடிகர்களும் சில நேரம் எழுத்துகளும் வெட்டுப்பட்டுப் போகும்.

அந்தக் கறுப்பு இடம் திரையின் பழுதல்ல. இயக்குநர் எடுத்த வடிவத்தில் படம் வருகிறது என்பதற்கு அதுவே அடையாளம். அமைப்புப் பட்டியலில் படத்தின் அளவை 16:9 அல்லது தானியங்கி என்று வைத்துவிட்டு, மறந்துவிடுங்கள்.

அப்படியே படத்தின் தன்மையையும் மாற்றுங்கள். கடையில் 'விவிட்' எனப்படும் பளிச்சிடும் அமைப்பில் வைத்திருப்பார்கள். அந்தப் பெரிய விளக்குகளின் கீழ் கண்ணைக் கவர அது தேவை. வீட்டில் அதே அமைப்பு இருந்தால் எல்லாருடைய முகமும் சாயம் பூசியதுபோல் இருக்கும். 'சினிமா' அல்லது 2019இல் அறிவிக்கப்பட்ட 'ஃபிலிம்மேக்கர்' அமைப்புக்கு மாற்றினால் தோல் தோலாகத் தெரியும். முதல் நாள் மங்கலாக இருப்பதுபோல் தோன்றும். மூன்றாம் நாள் பழகிவிடும்.

இன்னொரு அமைப்பு, அசைவை மென்மையாக்குவது. திரைப்படம் விநாடிக்கு 24 படங்களாக எடுக்கப்படுகிறது. பெட்டி தானாக இடையிடையே படங்களை உண்டாக்கிச் செருகும்போது, பெரும் பொருட்செலவில் எடுத்த படமும் மெகா தொடர்போல் ஆகிவிடுகிறது. நடிகர் டாம் குரூஸ் 2018 டிசம்பரில் இதை அணைத்துவிட்டுப் படம் பாருங்கள் என்று காணொளி வெளியிட்டுக் கேட்டுக்கொண்டார். காற்பந்துக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள், படத்துக்கு அணைத்துவிடுங்கள்.

காதும் கைவிரலும்

திரை மெலிய மெலிய ஒலிபெருக்கிக்கு இடமில்லாமல் போய்விட்டது. பல பெட்டிகளில் அது கீழ்நோக்கியோ சுவரை நோக்கியோ இருக்கிறது. இசை கேட்கிறது, பேச்சு கேட்பதில்லை. அம்மா ஒலியைக் கூட்டினால் பின்னணி இசை வீட்டையே அதிரவைத்தது. குறைத்தால் வசனம் காணாமல் போனது. அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லையாக இருக்குமே என்று அணைத்துவிட்டார்.

வாங்கும்போது கண்ணை மூடிக்கொண்டு ஒரு செய்தி வாசிப்பைக் கேளுங்கள். ஒவ்வொரு சொல்லும் புரிகிறதா? இல்லையென்றால், திரையில் ஐந்து அங்குலத்தைக் குறைத்து, மிச்சமாகும் பணத்தில் ஒரு சிறிய ஒலிப்பட்டை வாங்குவது புத்திசாலித்தனம். எச்டிஎம்ஐ துளைகளில் ஏஆர்சி என்று எழுதிய துளை இருந்தால் அதை ஒரே கம்பியில் இணைத்துவிடலாம். தொலைக்காட்சியின் தொலைக்கட்டுப்பாட்டுக் கருவியே ஒலியையும் கூட்டிக் குறைக்கும்.

கடைசியாக, அந்தக் கருவி. பழைய பெட்டியில் பொத்தானை அழுத்தினால் வசந்தம் வந்துவிடும். புதுப் பெட்டியைத் திறந்தால் நெட்ஃபிளிக்ஸ், யூடியூப், மீவாட்ச் என்று கட்டம் கட்டமாகப் படங்கள் வந்தன. வசந்தத்துக்குப் போக நான்கு தடவை அழுத்த வேண்டும். தவறான கட்டத்தைத் தொட்டால் பணம் பிடித்துக்கொள்வார்களோ என்று அம்மாவுக்குப் பயம். நான் வரும்வரை காத்திருக்கலாம் என்று நினைத்து, பிறகு அந்த நினைப்பையும் விட்டுவிட்டார்.

பெரும்பாலான பெட்டிகளில், திறந்ததும் கடைசியாகப் பார்த்த ஒளிவழியே வரும்படி அமைக்க முடியும். வாங்கிய அன்றே அதைச் செய்துகொடுங்கள். வீட்டில் மிக அதிகமாகப் பார்ப்பவர் யாரோ, அவர் கையில் கருவியைக் கொடுத்து, நீங்கள் ஒரு சொல்லும் பேசாமல் நின்று பாருங்கள்.

சிங்கப்பூரில் கவனிக்க வேண்டியவை

நம் நாட்டில் பழைய அனலாக் ஒளிபரப்பு 2018ஆம் ஆண்டு இறுதியோடு முடிவுக்கு வந்தது. இப்போது எல்லாம் மின்னிலக்க ஒளிபரப்பு. டிவிபி-டி2 என்னும் முறையை ஏற்கும் பெட்டியாக இருந்தால், ஓர் ஆன்டெனாவை மாட்டியே வசந்தம் முதலான ஒளிவழிகளைக் கட்டணமின்றி உயர் துல்லியத்தில் பார்க்கலாம். வெளிநாட்டிலிருந்து கொண்டுவரும் பெட்டியானால் இந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் தனிப்பெட்டி ஒன்று வாங்க வேண்டிவரும்.

தொலைக்காட்சிகளுக்கான கட்டாய எரிசக்தி வில்லை 2014இல் நடப்புக்கு வந்தது. அதிலுள்ள சரிக்குறிகள் கூடக்கூட மின்சாரச் செலவு குறையும். 100 வாட் எடுக்கும் பெட்டியை நாள்தோறும் ஐந்து மணி நேரம் ஓட்டினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 182 யூனிட். ஒரு யூனிட் 30 காசு என்று வைத்துக்கொண்டால் ஏறத்தாழ 55 வெள்ளி. அதுவே இருமடங்கு மின்சாரம் இழுக்கும் பெட்டியானால் பத்து ஆண்டில் கூடுதலாகப் போவது 550 வெள்ளி. தள்ளுபடியில் கிடைத்த மிச்சம் மின்கட்டணத்தில் போய்விடக்கூடாது அல்லவா?

பழைய பெட்டியை என்ன செய்வது? 2021 ஜூலை 1 முதல், புதிய தொலைக்காட்சியை வீட்டில் இறக்கும்போது பழையது ஒன்றைக் கட்டணமின்றி எடுத்துச் செல்லும் கடப்பாடு கடைக்காரருக்கு உண்டு. வாங்கும்போதே சொல்லிவையுங்கள். மாடிப்படி ஓரத்தில் வைத்துவிட்டு வராதீர்கள்.

வாங்கிய பொருளில் பழுது இருந்தால், 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ள லெமன் சட்டம் பயனீட்டாளருக்குத் துணை நிற்கிறது. ஆறு மாதத்துக்குள் குறை தெரியவந்தால், அது பொருள் கைக்கு வந்தபோதே இருந்ததாகக் கருதப்படும். இல்லை என்று நிரூபிப்பது விற்றவரின் பொறுப்பு. ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள். ஆனால் உங்கள் நாற்காலிக்குப் பொருந்தாத திரையை வாங்கிவிட்டால் அதற்கு எந்தச் சட்டமும் உதவாது.

தவணை முறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாதம் 60 வெள்ளிதானே என்று தோன்றும். 36 மாதத்துக்கு அது 2,160 வெள்ளி. மொத்தத்தைப் பெருக்கிப் பார்த்துவிட்டு, அந்தத் தொகையைக் கையில் எண்ணிக் கொடுப்பதாக நினைத்துக்கொண்டு முடிவெடுங்கள்.

அம்மா மறுபடி அழைத்தார்

என் கதையை முடிக்கவில்லை. நான் புதிதாக வேறு பெட்டி வாங்கவில்லை. அதற்கு வசதியும் இல்லை. சுவரில் ஒட்டினாற்போல் மாட்டியிருந்ததைக் கழற்றி, பக்கவாட்டில் திரும்பும் தாங்கியில் மாட்டச் செய்தேன். இப்போது திரை பிரம்பு நாற்காலியைப் பார்க்கிறது. பளிச்சிடும் அமைப்பை மாற்றினேன். திறந்தவுடன் வசந்தம் வரும்படி செய்தேன். ஒரு சிறிய ஒலிப்பட்டை வாங்கினேன். தொலைக்கட்டுப்பாட்டுக் கருவியில் அம்மாவுக்குத் தேவைப்படும் மூன்று பொத்தான்கள்மீது நகச்சாயத்தால் சிவப்புப் புள்ளி வைத்தேன். எல்லாம் ஒரு சனிக்கிழமை பிற்பகல் வேலை. அதை ஆறு வாரத்துக்கு முன்பே செய்திருக்கலாம். அதற்கும் முன்னால், கடைக்குப் போகும்போதே அம்மாவையும் அழைத்துப் போயிருக்கலாம்.

நம் வீடுகளில் தொலைக்காட்சியைத் தேர்ந்தெடுப்பவர்கள் சம்பாதிக்கும் பிள்ளைகள். அதை அதிக நேரம் பார்ப்பவர்கள் வீட்டில் தனியாக இருக்கும் பெற்றோர். நாம் கைத்தொலைபேசியில் படம் பார்த்துவிடுவோம். அவர்களுக்குப் பேச்சுத் துணையே அந்தப் பெட்டிதான். ஆகவே திரையின் அளவு, துல்லியம், விலை எல்லாவற்றையும் விசாரியுங்கள். ஆனால் விசாரணையைக் கடையில் தொடங்காதீர்கள். வீட்டில், அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரிடமிருந்து தொடங்குங்கள்.

அடுத்த நிகழ்ச்சி ஒளியேறிய மறுநாள் காலை எட்டு மணிக்கு என் தொலைபேசி ஒலித்தது. "பச்சை உனக்கு எடுப்பா இல்லை. அப்புறம், மகிழ்ச்சியில் ழகரம் வரவே இல்லை" என்றார் அம்மா. எனக்கு வந்த பாராட்டுகளிலேயே பெரியது அதுதான்.

இன்று 'மகிழ்ச்சி' சரியாக வந்ததா என்று நாளைக் காலை தெரிந்துவிடும்.